பொறுப்பாளர் என்றொரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நெல்லிக்குப்பத்து அன்பர் ஒருவரின் கடிதத்தைப் படித்தேன். எந்த நிறுவனத்தில் தவறு நடந்தாலும் அதற்குக் காரணமானவரை உடனே கண்டுபிடித்துச் சம்பளத்தில் கை வைத்தால் போதும், ஆறே மாதத்தில் எல்லாம் சீராகிவிடும் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபத்தை மதிக்கிறேன். ஒரு காகிதத்துக்காக நான்கு முறை அலைந்து திரும்பியவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழியைத்தான் 32 ஆண்டுகள் என் கையால் பதிவேட்டில் எழுதினேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1984-இல் ஒரு பஸ் நிறுவனத்தின் பணிமனையில் எழுத்தராகச் சேர்ந்தேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மேசைக்கும், அடியில் நின்று பழுது பார்ப்பதற்காக வண்டிகள் ஏறி நிற்கும் பிட் என்ற குழிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். டீசல் வாடை சேலையோடு வீடுவரை வரும். ஓட்டுநர் எழுதித் தரும் லாக் ஷீட், ஒவ்வொரு பழுது வேலைக்கும் போடும் ஜாப் கார்டு, டயர்க் கணக்கு, டீசல் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. அவற்றோடு பச்சைத் துணி அட்டை போட்ட பழுதுப் பதிவேடு ஒன்றும் இருந்தது. வழியில் எந்த வண்டி நின்றாலும் அதில் ஏற வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் ஆறு கட்டங்கள். தேதி, வண்டி எண், நின்ற இடம், பழுது, தாமதமான நேரம், கடைசியில் ‘பொறுப்பாளர்’. ஏன் நேர்ந்தது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. பொறுப்பாளர் கட்டத்தை வெறுமையாக விட்டால் மாதாந்திர அறிக்கை தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வரும். ஆகவே யாராவது ஒருவருடைய பெயர் அதில் ஏறியே தீர வேண்டும். கிளட்ச் தேய்ந்ததா, ஓட்டுநர். பஞ்சரா, டயர்ப் பிரிவு ஹெல்பர். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியதா, அன்று காலை வண்டியைப் பார்த்து அனுப்பியவர். ‘ஓட்டுநர் கவனக்குறைவு’ என்ற இரண்டு சொற்களை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

பெயர் ஏறினால் மெமோ வரும். மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். ஆட்கள் என்ன செய்தார்கள்? கியர் பாக்ஸில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று வையுங்கள். ஓட்டுநர் அதை லாக் ஷீட்டில் எழுத மாட்டார். எழுதினால், அதுவரை ஓட்டியவர் அவர்தானே என்ற கேள்வி அவர்மேல் திரும்பும். பேசாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். விடியற்காலை நாலரை மணிக்கு முதல் நடை எடுக்கும் ஓட்டுநர், பயணிகளோடு நடுவழியில் நிற்பார். பதிவேட்டில் இவர் பெயர் ஏறும். இதைச் சூழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர் வேறு என்ன செய்வார்?

1991 மழைக்காலத்தில் எங்கள் வண்டிகளில் பட்டைகள் உடையத் தொடங்கின. பஸ்ஸின் அச்சின்மேல் அடுக்கடுக்காக இருக்கும் எஃகு வில்லைத்தான் பட்டை என்கிறோம். சாலை தரும் அடியை எல்லாம் அதுதான் வாங்குகிறது. அடுக்கின் நடுவே துளையிட்டு ஒரு சென்டர் போல்ட் போட்டிருக்கும். இரண்டு யு போல்ட்கள் அதை அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்கும். நான்கு மாதத்தில் 23 மெயின் பட்டைகள் உடைந்தன. 23-க்கும் ‘ஓட்டுநர் கவனக்குறைவு, பள்ளத்தில் வேகமாக இறக்கியது’ என்று நான்தான் எழுதினேன். ஆறு பேருக்குச் சம்பளப் பிடித்தம் வந்தது. அவர்களில் பண்ருட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், அதற்கு முன் 17 ஆண்டுகள் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவர், என் மேசை முன்னால் வந்து நின்று கேட்டார்: “அம்மா, அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று எழுதினீர்களா?” அதற்குக் கட்டம் இல்லை என்றேன். அன்று எனக்கு அது சரியான பதிலாகவே தோன்றியது.

நிறுவனம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். இந்தச் சிக்கலை ஆராயவென்றே புதுச்சேரியில் ஒரு விடுதியில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினார்கள். குறிப்பெடுக்க என்னையும் அழைத்துப் போனார்கள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று சுவரில் நான்கு பெரிய தாள்கள் ஒட்டி, வண்ணச் சீட்டுகளில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெமோவில் கையெழுத்திடும் அதிகாரிகள் அதே அறையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பலவீனம் என்ற தாளில் விழுந்த சீட்டுகளில் ஏழு, தகவல் தொடர்பு மேம்பட வேண்டும் என்றே சொல்லின. யு போல்ட் என்ற சொல் இரண்டு நாளில் ஒருமுறைகூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. முடிவில் ஓட்டுநர்களுக்கு நல்ல ஓட்டுமுறைப் பயிற்சி தருவது என்று திட்டம் போட்டார்கள். பணம் செலவானது, பயிற்சியும் நடந்தது. பட்டைகள் உடைந்துகொண்டேதான் இருந்தன.

அப்போதுதான் புதிய மேலாளர் ஒருவர் வந்தார். வந்தவுடன் பழுதுப் பதிவேட்டை வாங்கி இரண்டு மாலை முழுவதும் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்த 23 பட்டைகளும் எந்த இடத்தில் உடைந்தன என்று கேட்டார். இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் நடுவே என்று படிக்கத் தொடங்கினேன். “சாலையில் எந்த இடம் என்று கேட்கவில்லை அம்மா. பட்டையில் எந்த இடம்?” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. பணிமனைக்குப் பின்னால் பழைய இரும்பு குவித்திருந்த இடத்துக்கு அவரும் நானும் ஒரு மூத்த ஃபிட்டரும் போனோம். உடைந்த பட்டைகளை அந்தக் குவியலிலிருந்து இழுத்துப் போட்டு வரிசையாக அடுக்கினார்கள். 14 கிடைத்தன. அவற்றில் 12 பட்டைகள் நட்டநடுவே, சென்டர் போல்ட் துளையில் உடைந்திருந்தன. அதைப் பார்த்ததும் ஃபிட்டரின் முகம் மாறியது. நடுவில் உடைந்தால் யு போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம் என்று மெல்லச் சொன்னார். ஏன் தளர்ந்தது என்று கேட்டபோது ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மேலாளர் அறிவிப்புப் பலகையில் தம் கையெழுத்தோடு ஒரு தாளை ஒட்டினார். அடுத்த மூன்று மாதங்களுக்கு, தாமே முன்வந்து பழுதையோ தவறையோ சொல்லும் யாருக்கும் மெமோ இல்லை என்று அதில் இருந்தது. என்னிடம், பதிவேட்டில் பொறுப்பாளர் கட்டத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடச் சொன்னார். மைதாப் பசை காய்ச்சி, பக்கம் பக்கமாக ஒட்டி, அதன்மேல் ‘எப்படி நேர்ந்தது?’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மூன்று வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் இரவு ஷிஃப்ட் ஹெல்பர் ஒருவர் தகரத் தடுப்போரம் வந்து நின்று, “அக்கா, நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்; என் பெயர் வேண்டாம்” என்றார். அவர் சொன்னது இது. புதுப் பட்டை போட்டவுடன் யு போல்ட்டை இறுக்கித்தான் அனுப்புகிறார்கள். வண்டி ஓட ஓடப் பட்டை அடுக்கு படிந்து அமுங்கும், போல்ட் தளரும். ஓரிரு நாளில் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். இது பிட்டில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வண்டி வெளியேறும்போதே ஜாப் கார்டை முடித்துவிடுவார்கள். கார்டு இல்லாத வேலைக்கு நேரக் கணக்கு கிடையாது. முந்தைய ஆண்டு ஒரு ஹெல்பர் தானாகவே போய் மறுநாள் போல்ட்டை இறுக்கியிருக்கிறார். வேலை நேரத்தில் ஒதுக்கப்படாத வண்டியில் இருந்தார் என்று அவருக்கு மெமோ வந்தது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

அந்த மெமோவைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

இதற்குத் தீர்வாக ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினோம். பட்டை வேலை முடிந்ததும் நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். நட்டு தளர்ந்து சுழன்றால் கோடு விலகிக் காட்டிவிடும், டார்ச் அடித்தாலே தெரியும். இரண்டாவது முறை இறுக்கிக் கையெழுத்திட்ட பிறகுதான் ஜாப் கார்டை முடிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். அடுத்த நான்கு மாதத்தில் உடைந்தவை நான்கு பட்டைகள்.

நெல்லிக்குப்பத்து அன்பர் இனி நான் சொல்வதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். பட்டை உடைவது குறைந்த அதே மாதங்களில் பழுதுப் பதிவேட்டின் மொத்தக் கணக்கு ஏறிவிட்டது. முன்பு மாதம் நாற்பதுக்குள் இருந்த பதிவுகள் எழுபதைத் தாண்டின. பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறது, கதவுக் கொண்டி நிற்கவில்லை என்று ஆட்கள் எழுதத் தொடங்கியதுதான் காரணம். முன்பும் அவை எல்லாம் வண்டிகளில் இருந்தன. பதிவேட்டில்தான் இல்லை. தலைமை அலுவலகம் தொகையை மட்டும் பார்த்தது. உங்கள் பணிமனையில் பழுதுகள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன, விளக்கம் தருக என்று கடிதம் வந்தது. ஒன்பது மாதம் முடியும் முன்பே அந்த மேலாளருக்கு இடமாற்றம். அடுத்து வந்தவர் முதல் வாரத்திலேயே பழைய கட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். நான் ஒட்டிய தாள்களை நனைத்த துணியால் நானே உரித்தேன். இரண்டே மாதத்தில் பதிவுகள் பழையபடி நாற்பதுக்குள் வந்தன. பாராட்டுக் கடிதம் வந்தது.

2016-இல் ஓய்வு பெற்ற பிறகு, அந்த மேலாளர் செய்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் 1924-இல் நிறைவுசெய்த தறி, பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடுமாம். நூல் அறுந்ததை மறைத்து நெய்துகொண்டே போனால் முழுத் துணியும் வீண் என்பது நம் ஊர் நெசவாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய குடும்பம் பின்னர் தொடங்கிய கார்த் தொழிற்சாலையில், பழுது கண்ட தொழிலாளி எவரும் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை வரவழைக்கலாம், வேண்டுமானால் வேலையையே நிறுத்தலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைத் தேடும் பழக்கமும் அங்கேதான் வேரூன்றியது. 1950-இல் ஜப்பானியருக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், நிறுவனங்களுக்கு வகுத்த 14 நெறிகளில் எட்டாவதாகப் பயத்தை விரட்டுங்கள் என்றார். தொல்லைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சார்ந்தவை, அமைப்பை மாற்றும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்பது அவருடைய மதிப்பீடு.

இவற்றைவிட என்னை உலுக்கியது ஒரு விமான விபத்து. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே தரையிறங்க வந்த விமானம் ஒரு மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்கும் அனுமதியில் இருந்த ஒரு சொற்றொடரை விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டு முன்கூட்டியே கீழே இறங்கியிருந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதன் பிறகு விமானிகள் தங்கள் தவறுகளைத் தாமே தெரிவிக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். தண்டிக்கும் அதிகாரம் கொண்ட துறையே அதை நடத்தினால் யாரும் எழுத மாட்டார்கள் என்று உணர்ந்து, தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசாவிடம் 1976-இல் ஒப்படைத்தார்கள். எழுதுபவரின் பெயரை நீக்கிவிட்டுத்தான் செய்தியைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஹெல்பர் கேட்டதும் அதைத்தானே!

1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எங்கள் நாற்பதும் எழுபதும் நினைவுக்கு வந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அயல்நாட்டுக் கதைகள் நமக்கு ஒத்துவராது என்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது. மருத்துவரின் நேரம்தான் எல்லாவற்றிலும் அரிது என்று கணக்கிட்டு, அவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தமாக வைத்திருக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அறுவையில் நேரும் சிக்கல்களைப் பதிந்து ஆராய்வதும் அங்கே வழக்கம். அதே பக்கத்தில் கடலோரமாக இருக்கும் நல்லவாடு மீனவ ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கடலின் நிலவரத்தை வழக்கமாகச் சொல்லிவந்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எந்த அலுவலகத்தின் அனுமதிக்கும் காத்திராமல் அந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். கடலூர் மாவட்டத்தில் அன்று அறுநூறு பேருக்கும் மேல் பறிகொடுத்த நமக்கு இதன் அருமை தெரியும். அந்தத் தொலைபேசிச் செய்தியை முதலில் மேலே அனுப்பி, சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக் கீழே கொண்டுவரும் ஏற்பாடு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

குடித்துவிட்டு வண்டி எடுப்பவனையும் கையூட்டு வாங்குபவனையும் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களைத் தண்டியுங்கள். வேலையைச் செய்யும்போது நேரும் தவறையும் அதோடு ஒரே கட்டத்தில் போட்டு எழுதாதீர்கள் என்கிறேன். திட்டம் தீட்ட உட்காரும் நிர்வாகிகளிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். கணினியும் ஆலோசகர்களும் வருவதற்கு முன், உங்கள் அலுவலகத்தின் குறைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக் கட்டங்களைப் படியுங்கள். பெயர் எழுத இடம் இருந்து, எப்படி நேர்ந்தது என்று எழுத இடம் இல்லையென்றால், அதில் உள்ள எண்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசியாக ஒரு தவறைத் தானே வந்து சொன்ன ஊழியர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்றும் விசாரியுங்கள். மற்ற ஊழியர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘பணியில் அலட்சியம்: ஊழியர் தற்காலிகப் பணிநீக்கம்’ என்ற தலைப்பை எல்லா நாளிதழ்களிலும் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். அது என் பதிவேட்டின் ஆறாவது கட்டம் போலவே இருக்கிறது. அப்படி ஒரு செய்தி வரும்போது தங்கள் நிருபர் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கட்டும். அந்த வேலைக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள்? இதே இடத்தில் இதற்கு முன்பும் இப்படி நேர்ந்ததா? யாராவது முன்கூட்டியே சொன்னார்களா? பதில் கிடைக்காவிட்டால், கேட்டோம், பதில் இல்லை என்றாவது அச்சிடுங்கள்.

சென்ற தை மாதம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் அந்தப் பண்ருட்டி ஓட்டுநரைப் பார்த்தேன். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். என்னை அடையாளம் கண்டு, பிள்ளைகளைப் பற்றி அன்போடு விசாரித்தார். அவருடைய பணிப் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் இன்னும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது, பிடித்த பணமும் திரும்பவில்லை. அன்று இரும்புக் குவியலிலிருந்து எடுத்தவற்றில் நடுவே உடைந்திருந்த பன்னிரண்டு பட்டைகளில் அவருடைய வண்டியினுடையதும் ஒன்று என்று, இத்தனை ஆண்டுகள் கழித்து, அவரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “எனக்கு அப்போதே தெரியும் அம்மா. உடைவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே யு போல்ட் ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை எழுத்தர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.